கீமோ காலத்துப் புருவம்

நம் ஊரில் மொட்டைத் தலை யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. பழனிக்கோ சமயபுரத்துக்கோ திருப்பதிக்கோ போய் முடி இறக்கி வந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்; அவர்களில் பெண்களும் உண்டு. அதனால் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் முடி கொட்டிய ஒருவர் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பேருந்தில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர் "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். புருவமும் உதிர்ந்துவிட்டால் அந்த மறைப்பு கிடைக்காது. எந்தச் சாமிக்கும் யாரும் புருவத்தை நேர்ந்துகொள்வதில்லை. பார்க்கிறவர் கண் ஒரு நொடி தயங்கும், அடுத்து "உடம்புக்கு என்ன?" என்ற கேள்வி வரும். தலைமுடி போனதைவிடப் புருவம் போனதுதான் தங்களை நோயாளியாகக் காட்டிக்கொடுத்தது என்று சிகிச்சை முடித்த பெண்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

"உயிர் பிழைச்சு வந்தா போதும், புருவம் என்னம்மா பெரிய விஷயம்?" என்று வீட்டில் அன்பாகத்தான் சொல்கிறார்கள். மனித மூளை முகத்தை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஜாவித் சதர், இஸ்ஸத் ஜரூதி, பவன் சின்ஹா ஆகிய மூவர் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. பிரபலமான 50 பேரின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு, ஒருமுறை கண்களை மட்டும் அழித்தார்கள். இன்னொரு முறை புருவங்களை மட்டும் அழித்தார்கள். கண் இல்லாத முகங்களில் 56 சதவீதம் அளவுக்குப் பார்த்தவர்களால் அடையாளம் சொல்ல முடிந்தது. புருவம் இல்லாத முகங்களில் அது 46 சதவீதமாக இறங்கியது. கண்ணை எடுத்துவிட்டாலும் ஓரளவு தெரிகிற ஆள், புருவத்தை எடுத்தால் அந்த அளவுக்குக்கூடத் தெரிவதில்லை. புருவம் தோலுக்கு நேரெதிரான கருமை கொண்டது, தூரத்திலிருந்தும் மங்கிய வெளிச்சத்திலும் தெரிவது, முகத்தில் பெரிதாக இடம் மாறாதது. மூளை ஒரு முகத்தை நினைவில் வைக்கும்போது இத்தகைய அடையாளத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. கண்ணாடியில் பார்த்து "இது நான்தானா?" என்று கேட்கும் நோயாளி மிகைப்படுத்தவில்லை. அவருடைய மூளைக்கே அந்த முகம் கொஞ்சம் அந்நியமாகிவிட்டது.

முகம் பேசுவதற்கும் புருவம் வேண்டும். நெற்றித் தசை அதை மேலே தூக்குகிறது. புருவங்களின் உள்முனைகளில் இருக்கும் சிறு தசைகள் அவற்றைச் சேர்த்து இழுக்கின்றன. கண்ணைச் சுற்றிய வளையத் தசை கீழே இறக்குகிறது. நாட்டிய சாஸ்திரம் புருவத்தின் அசைவுகளை மட்டும் ஏழு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. முடி உதிர்ந்தபின்னும் இந்தத் தசைகள் வழக்கம்போலத்தான் அசைகின்றன. அசைவைக் காட்டும் கோடு இல்லாததால் எதிரில் இருப்பவருக்கு அது புரிவதில்லை. வரையப்போகும் புருவம் அந்தக் கோட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. எங்கே வரைய வேண்டும், எப்படி வரைய வேண்டும் என்பதற்கெல்லாம் வழி இந்த உண்மையில் இருக்கிறது.

முதலில், புருவம் ஏன் தலைமுடியோடு சேர்ந்து போவதில்லை என்பதைப் பார்ப்போம். பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். முதல் கீமோ ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. புருவம் அப்படியே இருக்கிறது. "புருவம் தப்பிவிட்டது" என்று நிம்மதி அடைகிறார்கள். சிகிச்சை முடியும் தறுவாயில், சிலருக்குக் கடைசி சைக்கிள் (மருந்து ஏற்றும் சுற்று) முடிந்து சில வாரம் கழித்தும், அது மெலியத் தொடங்குகிறது. கஷ்டம் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில் வருவதால் அடி பலமாக விழுகிறது.

கீமோ மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல்கள் அப்படிப்பட்டவை. முடியின் வேரில் முடியை உருவாக்கும் செல்களும் அப்படிப்பட்டவையே. ஆனால் எல்லா முடியும் எல்லா நேரமும் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஒடுங்கும் காலம், ஓய்வுக் காலம் என்று ஒரு சுழற்சி உண்டு. தலைமுடி பல ஆண்டுகள் தொடர்ந்து வளரும். எந்த நாளில் எண்ணினாலும் அதில் பத்துக்கு ஒன்பது பங்கு வளரும் நிலையில்தான் இருக்கும். புருவ முடி வளர்வது ஒன்றிரண்டு மாதம் மட்டுமே (அது நீண்டு தொங்காததற்கும் இதுதான் காரணம்). மீதிக் காலம் ஓய்வு. புருவத்தில் ஒரு நேரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே வளர்ந்துகொண்டிருக்கும். தலை, பயிர் நிற்கும் வயல். புருவம், பெரும்பகுதி தரிசாகக் கிடக்கும் வயல். பூச்சி விழுந்தால் முதல் வயல் ஒரே வாரத்தில் காலியாகும். இரண்டாவதில் அங்கங்கே முளைப்பது மட்டும் ஒவ்வொன்றாகப் போகும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்போது ஒவ்வொரு முடியும் ஓய்வு முடிந்து வளர முயன்று அடிபடுகிறது. கடைசியில் அந்த வயலும் வெறிச்சோடுகிறது.

எல்லா மருந்தும் ஒரே அளவில் இதைச் செய்வதில்லை. மார்பகப் புற்றுநோயில் பலருக்குத் தரப்படும் ஒரு முறையில், முதலில் டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் ஏறுகின்றன. 'சிவப்பு மருந்து' என்று நோயாளிகள் சொல்வது டாக்ஸோரூபிசினைத்தான். அதில் தலைமுடி போகிறது. அதன்பின் வாரா வாரம் பேக்ளிடாக்சல் ஏறும் கட்டத்தில்தான் பெரும்பாலும் புருவமும் இமைமுடியும் கழல்கின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதிர் பாயும் இடத்து முடி மட்டுமே உதிரும். மார்பில் கதிர் வைத்தால் புருவத்துக்கு ஒன்றும் ஆகாது. தலைமுடியைக் காக்கச் சில மருத்துவமனைகளில் போடும் குளிர்த் தொப்பி புருவத்தை எட்டுவதில்லை.

ஆக, புருவம் போவதற்கு முன் நமக்குச் சில வாரமோ மாதமோ அவகாசம் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். முதல் சைக்கிளுக்கு முன்பே முகத்தை நேராக ஒரு படமும் இரு பக்கமும் தலா ஒரு படமும், பகல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் எடுத்து வையுங்கள். பிறகு எந்த வீடியோவும் தர முடியாத வழிகாட்டி அது. புருவம் இருக்கும்போதே அதன் மேல் லேசாக வரைந்து பழகுவதும் நல்லது. கையில் ஊசி ஏற்றிக் களைத்திருக்கும் நாளில் முதன்முதலாகப் பென்சில் பிடிப்பதைவிட அது எவ்வளவோ எளிது.

இனி வரைவதற்கு வருவோம். பார்லர் வீடியோக்கள் பெரும்பாலும் முடி உள்ள புருவத்துக்கானவை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் வரும் புருவ ஜெல், முடியைப் படியவைக்க உதவுவது. முடி இல்லாத தோலில் அதற்கு வேலையே இல்லை. புருவப் பவுடரும் வெறும் தோலில் எளிதில் நிற்காது. அதைப் பிடித்துக்கொள்ள முடி வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மெழுகுத்தன்மையுள்ள ஏதாவது வேண்டும். தொடக்கக்காரருக்கு ஐப்ரோ பென்சில்தான் சரி. அதிலும் கொஞ்சம் கெட்டியான, கூராகச் சீவக்கூடிய பென்சில். கண்ணுக்குப் போடும் காஜல் பென்சில் மிருதுவானது, எண்ணெய் மிகுந்தது. நம் வெயிலில் சீக்கிரமே வழிந்துவிடும்.

நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம் முடி கறுப்பு, ஆகவே கறுப்புப் பென்சில் என்று நினைப்பது இயல்பு. ஆனால் உண்மையான புருவத்தில் முடிகளுக்கு இடையே தோல் தெரிகிறது. பார்க்கும் கண் கறுப்பையும் தோல் நிறத்தையும் கலந்து, கறுப்பைவிட இளகிய ஒரு நிறமாகத்தான் எடுத்துக்கொள்கிறது. இடைவெளியே இல்லாமல் கறுப்பைத் தீட்டினால் ஒட்டவைத்த பட்டைபோல் தெரிவது இதனால்தான். அடர் பழுப்பு, அல்லது சாம்பல் சாயல் கொண்ட பழுப்பு வாங்குங்கள். சிவப்புச் சாயல் ஓங்கிய பழுப்பு நம் தோலில் செம்பட்டையாகக் காட்டும். கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்கும் மாதிரிப் பென்சிலை முகத்தில் வைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் பெட்டியின் நிறத்தை உங்கள் பழைய படத்தோடு ஒப்பிட்டால் போதும்.

இடத்தைக் கண்டுபிடிக்க, எலும்பு உதவும். கண்ணுக்கு மேலே விரலை வைத்துத் தடவினால் குழியின் மேல் விளிம்பு தட்டுப்படும். பெண்களுக்குப் புருவம் பெரும்பாலும் அந்த விளிம்புக்குச் சற்று மேலே அமையும். ஆண்களுக்கு விளிம்பை ஒட்டியே, ஏறக்குறைய நேராக ஓடும். அடுத்து, கண்ணாடி முன் நெற்றியை உயர்த்துங்கள். தசை தோலைத் தூக்கும்போது எந்த மேடு எழுகிறதோ அதுதான் உங்கள் புருவத்தின் பாதை. முகத்தைச் சுளியுங்கள், உள்முனைகள் எங்கே கூடுகின்றன என்று தெரிந்துவிடும். இந்த இரண்டு அசைவுகளும் எந்த அளவுகோலையும்விட நம்பகமானவை. தசை இருக்கும் இடத்தில் வரைந்தால்தான், பேசும்போது நீங்கள் வரைந்த கோடும் முகத்தோடு சேர்ந்து அசையும்.

பிறகு மூன்று புள்ளிகள். பென்சிலை மூக்குத் துவாரத்தின் வெளியோரத்தில் நிறுத்தி, கண்ணின் உள்மூலை வழியாக நேரே மேலே கொண்டுபோங்கள். அது எலும்பு மேட்டைத் தொடும் இடம் புருவத்தின் தொடக்கம். நேராகப் பார்த்தபடி, அதே மூக்கோரத்திலிருந்து கருவிழியின் வெளியோரம் வழியாகச் சாய்த்தால் கிடைப்பது வளைவின் உச்சி. கண்ணின் வெளிமூலை வழியாகச் சாய்த்தால் கிடைப்பது வால் முடியும் இடம். மூன்றிலும் மெல்லிய புள்ளி வையுங்கள். இரு பக்கமும் வைத்தபின் ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்து பாருங்கள். பொட்டு வைப்பவர்கள் முதலில் பொட்டை வைத்துவிட்டு வரையலாம். நடுக்கோடு தெரிவதால் இரு பக்கத்தையும் சமமாக நிறுத்துவது எளிதாகும். ஸ்டிக்கர் பொட்டின் பசை சிலருக்கு அரிப்பைத் தரும். கீமோ காலத்தில் தோல் மெலிந்து வறண்டிருப்பதால், எரிந்தால் உடனே எடுத்துவிட்டுப் பென்சிலாலேயே பொட்டு வையுங்கள்.

புள்ளிகளைக் கோடு போட்டு இணைக்காதீர்கள். முடி வளர்வதுபோல் சிறு சிறு கீற்றுகளாக வரையுங்கள். இயற்கையான புருவத்தில் முடியின் திசை இடத்துக்கு இடம் மாறும்: மூக்கை ஒட்டிய முனையில் ஏறக்குறைய நேராக மேலே, நடுவில் வெளிப்புறமாகச் சாய்ந்து, மேல்வரிசை கீழ்நோக்கியும் கீழ்வரிசை மேல்நோக்கியும் வந்து ஒன்றையொன்று சந்திக்கும், வாலில் வெளியே காதை நோக்கி. இதைப் பின்பற்றி, கீற்றுக்குக் கீற்று கொஞ்சம் தோல் விட்டு வரைந்தால் கண் அதை முடி என்றே நம்பும். நடுவும் வாலும் சற்று அடர்த்தியாக இருக்கலாம். உள்முனை எப்போதும் மங்கலாக இருக்கட்டும். ஒரு புருவத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்காமல், இதில் நாலு கீற்று, அதில் நாலு கீற்று என்று மாறி மாறிப் போங்கள். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வேண்டாம். அது இல்லாத குறையைக் காட்டி அதிகமாகத் தீட்ட வைக்கும். உங்களை யாரும் நாலு அங்குலத் தூரத்தில் நின்று பார்ப்பதில்லை.

உயரமாக வரைந்துவிட்டால் முகம் எப்போதும் வியப்பில் இருப்பதுபோல் தெரியும். உள்முனைகள் நெருங்கிவிட்டால் கோபம். வால் கீழே இறங்கினால் சோகம். தசைகள் தற்காலிகமாகச் செய்வதைப் பென்சில் நிரந்தரமாக்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் தாழ்வாக, மெலிதாக, குட்டையாக வரைவதே பாதுகாப்பு. கீமோவோடு தரும் ஸ்டீராய்டால் சிலருக்கு முகம் ஊதியிருக்கும். பழைய படத்தில் இருந்த வளைவு அன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். அன்றைய முகத்துக்கே வரையுங்கள்.

நம் ஊரில் இதையெல்லாம் கெடுப்பது வியர்வை. நெற்றியில் வழியும் வியர்வையைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவது புருவத்தின் பழைய வேலை. அது போனதும் வியர்வை நேராகக் கண்ணில் இறங்குகிறது, போகிற வழியில் பென்சிலையும் கரைத்துக்கொண்டு. சிகிச்சையால் மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்குத் திடீர் உடல் சூடும் வேறு. பென்சில் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும் சேர்ந்தது. தோலின் எண்ணெய் அந்த மெழுகை இளக்குகிறது. அதனால் முகத்துக்குக் கிரீம் போட்டால் சில நிமிடம் ஊறவிட்டு, புருவப் பகுதியை மட்டும் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அங்கே துளி காம்பாக்ட் பவுடர். அதன்மேல் பென்சில். அதன்மேல் மறுபடியும் பவுடர், தேய்க்காமல் அழுத்தி. அடியில் உள்ள பவுடர் எண்ணெயை உறிஞ்சும், மேலே உள்ளது மெழுகைப் பூட்டும். வியர்த்தால் துடைக்காதீர்கள், கைக்குட்டையால் ஒற்றுங்கள். இரவில் கலைக்கத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். மெழுகு எண்ணெயில் கரையும். தேய்த்து உரித்தால் மிச்சமிருக்கும் நாலு முடியும் வந்துவிடும்.

சுத்தம் பற்றிச் சொல்வதை அலங்காரக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவமாக எடுத்துக்கொள்ளுங்கள். பல மருந்துகளில் கீமோ ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும். "கவுன்ட் குறைஞ்சிருக்கு" என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியும் பெரிய காய்ச்சலாக மாறலாம். பழைய பென்சிலை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் மேல் அடுக்கைச் சீவிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஷார்ப்னரை ஸ்பிரிட்டால் துடையுங்கள். அக்கா தங்கையோடுகூடப் பகிர வேண்டாம். புதிய பொருளை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தீட்டும் சில சுர்மாக்களில் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. அவற்றைத் தொடவே வேண்டாம். நெற்றியிலோ மூளையிலோ கதிர்வீச்சு எடுப்பவர்கள் டாக்டர் சொல்லும்வரை அந்த இடத்தில் எதையும் பூசக் கூடாது.

புருவத்தைப் பச்சை குத்தும் மைக்ரோபிளேடிங் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தோலைக் கீறி நிறமியை உள்ளே செலுத்துவது அது. வெள்ளையணு குறைந்திருக்கும்போது தொற்றும், தட்டணு குறைந்திருக்கும்போது ரத்தக் கசிவும் வரக்கூடும். கீமோ நடக்கும்போது செய்துகொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேண்டுமென்றால் சிகிச்சை தொடங்குவதற்குப் போதிய வாரங்கள் முன்போ, முடிந்து கவுன்ட் சீரான பின்போ, புற்றுநோய் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். த்ரெட்டிங்கும் அதுபோலத்தான்: உதிரத் தொடங்கிய நாளிலிருந்து நன்கு வளர்ந்து நிற்கும்வரை நூல் படக் கூடாது.

வரையவே தெம்பில்லாத நாளும் வரும். மேல்விளிம்பு தடித்த பிரேம் போட்ட பவர் இல்லாத கண்ணாடி, புருவம் இருக்க வேண்டிய இடத்தைப் பெருமளவு மறைக்கும். விக்கில் முன்முடி இறங்கியிருந்தால் அதுவே போதும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் உங்கள் உரிமை.

கடைசிக் கீமோ முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலோருக்குப் புருவம் துளிர்க்கத் தொடங்கும். முதலில் பூனைமுடிபோல் மெலிந்தும் வெளுத்தும் வரலாம். வளர்ந்த சில மாதத்தில் மறுபடியும் ஒருமுறை கொட்டினால் பதறாதீர்கள். ஒரே காலத்தில் முளைத்த முடிகளின் சுழற்சியும் ஒரே நேரத்தில் முடிகிறது, அவ்வளவுதான்; நோய் திரும்பியதற்கான அறிகுறி அல்ல. அடுத்தடுத்த சுற்றில் அவை முன்பின்னாகிப் பழைய ஒழுங்குக்கு வந்துவிடும். விளக்கெண்ணெய் தடவினால் வேர் சீக்கிரம் உயிர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தடவுவதானால் இரவில் தடவுங்கள். பகலில் தடவினால் பென்சில் நிற்காது. இமைமுடிக்கு டாக்டர்கள் எழுதித்தரும் பைமாட்டோப்ரோஸ்ட் போன்ற மருந்தை நீங்களாகவே கடையில் வாங்கிப் புருவத்தில் போட வேண்டாம். டோசிடாக்சல் எடுத்த சிலருக்கு முடி முழுமையாகத் திரும்பாமல் போவதுண்டு. ஆறு மாதமாகியும் துளிர்க்கவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1989 முதல், புற்றுநோய் நோயாளிகளுக்கு முக ஒப்பனையையும் புருவம் வரைவதையும் இலவசமாகக் கற்றுக்கொடுக்கும் 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்ற திட்டம் நடக்கிறது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊரில் இதைச் செய்யப் பெரிய நிதியோ கட்டடமோ தேவையில்லை. கீமோ வார்டில் வேலை செய்யும் சகோதரிகளே, முதல் சைக்கிளுக்கு முன் "புருவம் கடைசியில் போகலாம், இப்போதே ஒரு படம் எடுத்து வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஊரில் பார்லர் வைத்திருப்பவர்களே, முடியில்லாத தோலில் புருவம் வரையப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அதற்காகவே கதவைத் தட்டும் நாள் வரும், அப்போது அவரைத் தனி அறையில் உட்காரவைத்துச் சுத்தமான பென்சிலோடு சொல்லிக்கொடுங்கள்.